மறுவீடு போன தவளை

1

நேற்றுக் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. உத்திரமேரூர் தபாலாபீசிலிருந்து டிரங்க் கால். பேசியவர் என் அண்ணன் ஏகாம்பரம். நான் இந்த டெட்ராய்ட்டுக்கு வந்த பத்து வருஷத்தில் அவர் டெலிபோன் செய்தது இதுதான் முதல் தடவை. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"தனம், எனக்கோசரம் ஒரு தவளைய சாவடிக்கணும். முடியுமா?" என்று கத்தினார். அவர் கத்திய கத்தலுக்கு டெலிபோனே தேவைப்பட்டிருக்காது.

"இன்னாண்ணா சொல்றே?"

"தவளம்மா, தவள! மய வுட மாட்டன்னுது. ஏரி ரொம்பி கலங்கல்ல தண்ணி ஓடிக்கினு கீது. நம்ம நடவு பூரா முழுவிப் பூட்ச்சி. இன்னும் ரெண்டு நாள் நின்னா பயிர் அழுவிடும். நீதான் ஒண்ண லாரில வுட்டு சாவடிக்கணும். நான் இங்கியே குந்திக்கினு கீறேன். திரும்ப கால் புக் பண்ணி கேக்கறேன்."

வைத்துவிட்டார். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து தலையை நீட்டி, "யார் செத்தது?" என்றார். அவருக்கு ஊர் தாமல்; டிரங்க் கால் வந்தால் சாவு என்பது தாமல்காரர்களின் தீர்மானம். "இன்னும் சாகவில்லை, நான்தான் சாகடிக்க வேண்டுமாம்" என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் அமெரிக்கா வந்து இந்த வாரத்தோடு பத்து வருஷம் ஆகிறது. அங்கே வாழ்க்கை எப்படி என்று நம் ஜனங்களுக்கு எழுதேன் என்று இந்தப் பத்திரிகைக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பனியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது வீடியோ கேம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அண்ணன் கேட்ட தவளையும் அதில்தான் வருகிறது.

2

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு துணி துவைக்கும் கடை இருக்கிறது. காசு போட்டால் இயந்திரம் துவைக்கும். இங்கே எல்லோரும் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அடுத்தவர் முன்னால் வெட்கமில்லாமல் பிரித்துப் போடுவார்கள். கடையைப் பார்த்துக்கொள்கிறவர் டோரத்தி என்கிற பெரியம்மா. முதல் வருஷம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ்', 'தாங்க் யூ' இரண்டும்தான். "துணி இன்னும் சரியாக அலசவில்லை போலிருக்கிறதே, மறுபடி சுற்றட்டுமா?" என்று அவர் கேட்பார். நான் யெஸ் என்பேன். சுற்றி முடித்துவிட்டு மறுபடியும் கேட்பார். மறுபடியும் யெஸ் என்பேன். இப்படி ஒரு பட்டுப்புடவை கைக்குட்டை மாதிரி ஆகிவிட்டது.

துணி சுற்றுகிறவரை என்ன செய்வது? கடையின் மூலையில் பீரோ அளவுக்கு நாலைந்து ஆட்டப் பெட்டிகள் நின்றன. ஒரு நாள் மிச்சக் காசை அதிலே போட்டேன். போட்டது போட்டதுதான், அதற்கப்புறம் எங்கள் வீட்டில் துணி அழுக்காவதற்கு முன்னாலேயே துவைபட ஆரம்பித்தது. யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் இங்கிலீஷ் வாசகம், 'ஆட்டம் முடிந்தது.'

என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். கேட்டால் கேளுங்கள்.

இருப்பதிலேயே பழசு, இரண்டு குச்சி ஒரு பந்து. கரும்பலகை மாதிரி ஒரு கறுப்புத் திரை. இந்தப் பக்கக் குச்சி தள்ளினால் அந்தப் பக்கக் குச்சி திருப்பித் தள்ளும். ஓரகத்திகள் இரண்டு பேர் மாமியாரைக் குளிப்பாட்டும் வேலையை ஒருத்திமேல் ஒருத்தி தள்ளுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த விறுவிறுப்பு இதில் இல்லை.

அடுத்தது, ஆகாயத்திலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்கி வருகிற ஆட்டம். நாம் கீழே நின்று சுட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, கூட்டம் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடுவது. கல்யாண வீட்டில் பாயசம் தீரப்போகிறது என்று தெரிந்ததும் கடைசிப் பந்திக்காரர்கள் வருகிற வேகம். கண்ணால் பார்க்காதவன் இதை இவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது.

முழுக்க வாயாலேயே ஆன ஓர் உருண்டை சந்து சந்தாகப் போய்ப் புள்ளிகளைத் தின்கிற ஆட்டமும் இருக்கிறது. நாலு பேய் துரத்தும். அமெரிக்கா பூராவும் இதற்குப் பைத்தியம். எனக்குப் பிடிக்கவில்லை. தின்பதற்கென்றே பிறந்த ஒருத்தரை ராத்திரி பகலாகக் கவனித்துக்கொள்ள வேண்டுமென்றால் எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

அவருக்குப் பிடித்தது கார் ரேஸ். கார் தொழிற்சாலையில் கதவுக்குப் படம் வரைகிற உத்தியோகம் அவருக்கு. ஆட்டத்தில் உட்கார்ந்த கையோடு மரத்தில் மோதுவார். "கதவு ஒண்ணும் ஆகலே பாத்தியா" என்பார்.

நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினது கல் உடைக்கிற ஆட்டத்தில். பெரிய கல்லைச் சுட்டால் இரண்டாகும், அதைச் சுட்டால் நாலாகும். குடும்பம் நடத்திய யாரோதான் இதைச் செய்திருக்க வேண்டும். இடது பக்கம் வெளியே போனால் வலது பக்கம் உள்ளே வந்துவிடுவோம். காஞ்சிபுரம் பஸ்ஸில் தூங்கிவிட்டால் ஏறின இடத்துக்கே திரும்பி வந்து கண் விழிப்போமே, அதே கணக்கு. நிறையப் பாயிண்ட் எடுத்தால் பெயர் போடச் சொல்லும், அதுவும் மூன்றே மூன்று எழுத்து. இங்கிலீஷில் பாதிப் பெயர்தான் அடங்கியது. தமிழில் கேட்டிருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன்.

3

நான் சுத்தமாக வெறுத்தது தவளை ஆட்டம்.

கீழே தவளை. அதற்கு முன்னால் ரோடு. லாரியும் காரும் இரண்டு திசையிலும் பறக்கும். ரோட்டைத் தாண்டினால் ஒரு திட்டு. திட்டுக்கு அப்பால் ஆறு. ஆற்றில் கட்டைகளும் ஆமைகளும் மிதந்து போகும். அதன்மேல் தாவித் தாவிப் போய், மேலே இருக்கிற ஐந்து பொந்துகளிலும் ஒவ்வொரு தவளையாகச் சேர்க்க வேண்டும். ஆற்றில் விழுந்தால் தவளை செத்துவிடும். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரில் விழுந்தால் தவளை செத்துவிடும். இதைச் செய்தவன் ஜென்மத்தில் வரப்பு மிதித்திருக்கமாட்டான்.

ஆனால் வெறுப்புக்குக் காரணம் அது இல்லை. எங்கள் வாசலுக்கு எதிரே ஆறு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகிற ரோடு. மளிகைக்கடை அந்தப் பக்கம். வந்த முதல் வாரம் தாண்டலாம் என்று காலை வைத்தேன். ஒரு லாரி ஊதிய ஊதலில் என் கையிலிருந்த பை நடுரோட்டில் போய் விழுந்தது. அன்றைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றவள்தான், பத்து வருஷமாக இந்தப் பக்கமே நிற்கிறேன். ஏர் உழுகிறவன் கையில் அடங்காத காளைகளையே ஏரிக்கரையில் பிடித்து நிறுத்தியவள் நான். ரோடு என்றால் கால் வருவதில்லை. அந்தத் தவளை லாரியில் அடிபட்டு மல்லாந்து விழும்போதெல்லாம் எனக்கு நடுரோட்டில் விழுந்த என் பைதான் ஞாபகம் வரும்.

லைசென்ஸ் எடுத்துவிடு, காரிலேயே போய்விடலாம் என்று வீட்டுக்காரர் ஒரு ஆபீசுக்கு அழைத்துப்போனார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என்ன காரணம் என்று அங்கே இருந்த பெண் சும்மா பேச்சுக்குக் கேட்டாள். "ரோட்டைத் தாண்ட" என்றேன். எந்த ரோட்டை என்றாள். எதிரே இருக்கிற ரோட்டை என்றேன். தாண்டினதும் எங்கே போவீர்கள் என்றாள். கடைக்குப் போய்விட்டுத் திரும்பத் தாண்டுவேன் என்றேன். அவள் எழுந்துபோய் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். அவள் ஒரு பெரியவரை அழைத்து வந்தாள். மூன்று பேரும் என்னை ரொம்பப் பரிவோடு பார்த்தார்கள். லைசென்ஸ் வரவில்லை. தனியாக வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

4

இரண்டு மாதத்துக்கு முன்னால், மழை பொய்த்துக் கிடந்தபோது ஊருக்குப் போனோம். எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. டி.வி.யில் மாட்டி ஆடுகிற சின்ன ஆட்டப் பெட்டி ஒன்றை வாங்கி எடுத்துப்போனேன். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ரேடியோவா? இல்லை. டேப்பா? இல்லை. குழந்தைக்கா? எனக்கு என்றேன். அவருடைய அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. கடைசியில் 'சத்தம் போடும் பலகை' என்று எழுதி விட்டுவிட்டார். நல்ல மனிதர்.

ஊரில் ஏரி வெடித்துக் கிடந்தது. அண்ணனின் நாற்றங்கால் மட்டும் பச்சை. ஏரிக்குள் வெட்டின பொதுக் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் நாற்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் போன மறுநாள் தவளைக் கல்யாணம். மழைக்காக. கத்துகிற தவளை மாப்பிள்ளை, கத்தாதது பெண். மாப்பிள்ளை, கீழத்தெரு பச்சையம்மா வீட்டுத் தொட்டியில் இருந்தது. பெண் எங்கள் அண்ணன் கிணற்றடியில் அகப்பட்டது. ஆக, அண்ணன்தான் பெண்ணுக்குத் தகப்பன். மேளம், பந்தல், சம்பந்தி மரியாதை எல்லாம் உண்டு. தாலி கட்டும் நேரத்தில்தான் தவளைக்குக் கழுத்தே கிடையாது என்பது தெரிந்தது. மஞ்சள் கயிற்றை இடுப்பில் கட்டினார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோயில் குளத்துச் சேற்றில் இரண்டையும் விட்டபோது மேற்கே ஒரு துண்டு மேகம்கூடத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஆட்டப் பெட்டியைப் பஞ்சாயத்து டி.வி.யில் மாட்டினோம். டி.வி. சர்க்கார் கொடுத்தது. சாவி ஆபரேட்டர் கன்னியப்பனிடம் இருக்கும். மெட்ராஸ் நிலையம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் வெறும் புள்ளியாகிவிடும். ஜனங்கள் பக்தியோடு அந்தப் புள்ளியையே பார்த்துவந்தார்கள். அமெரிக்கப் படமோ உருவம் தெளிவாக வந்தது, ஆனால் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. பின்பக்கக் குமிழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் நிற்கும். கன்னியப்பன் பின்னால் குந்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் புடிச்சிக்கினு கீறேன். நீங்க பாத்துட்டு எனுக்கு சொல்லுங்க."

பூச்சிகள் வரிசையாக இறங்கியதைப் பார்த்து ஊரே அசந்துபோனது. "இன்னா லைனு! நம்ம ரேசன் கடையில ஒரு நாளு இப்டி நின்னுக்கிறமா?" என்றார் பஞ்சாயத்து பிரசிடெண்ட். சுடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பீரங்கி வண்டிகள் இரண்டு, நடுவில் ஒரு சுவர், ஒன்றையொன்று சுடும் ஆட்டத்தைப் போட்டேன். பத்து வருஷமாக இதை நான் சண்டை என்று நினைத்திருந்தேன். அது வரப்புத் தகராறு என்பது அண்ணன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "சுடாத, சுடாத, பேசித் தீத்துக்கலாம்!" என்று இரண்டு தரப்பிலும் ஆள் எழுந்துவிட்டார்கள். அதையும் நிறுத்தினேன்.

பிறகு, என் புத்தி எங்கே போனதோ, தவளையைப் போட்டேன்.

5

"தவள!" என்று கூட்டம் எழுந்து நின்றது.

"எங்க போவுது அது?" என்றார் பச்சையம்மா.

"வீட்டுக்கு. மேலே தெரியுதே, அந்தப் பொந்துதான் வீடு" என்றேன் நான், அப்பாவியாக.

"அஞ்சி வூடு கீது."

அண்ணன் எண்ணிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "எங்க பங்காளிங்க அஞ்சி வூடு. மறுவூடு வருது எங்க பொண்ணு! காலீல கண்ணாலம், சாயங்காலம் மறுவூடு. சரியாத்தான் கீது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, லாரி அடித்துவிட்டது.

நான் பதறி அடுத்த தவளையை எடுத்தேன். அதுவும் போனது. இன்னொன்று திட்டுவரை வந்து ஆற்றில் விழுந்தது. தண்ணீரில் தவளை எப்படிச் சாகும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. "கண்ணாலப் பொண்ணு, பட்டுப்பொடவ சுத்திக்கினு எப்டி நீஞ்சும்?" என்றார் ஒரு கிழவர். நான் எடுக்க எடுக்கத் தவளைகள் செத்துக்கொண்டே இருந்தன. திரும்பிப் பார்த்தால், மேற்கே இருந்த மேகத் துண்டைக் காணோம்.

பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எங்க வூட்டு மருமவள லாரில ஏத்திக் கொன்னுட்டியேடி! தாலி ஈரங்கூட காயலியே!"

என் மகள் சுமதிக்கு எட்டு வயசு, டெட்ராய்ட்டில் பிறந்தவள். "இது பிக்சர்தான். ரியல் தவளை இல்லை" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சமாதானம் சொன்னாள்.

"சாமி படங்கூட படந்தாங் கண்ணு. அத்த காலால மிதிப்பியா?" என்றார் பச்சையம்மா.

சுமதி குனிந்து தன் ஷூவைக் கழற்றினாள்.

அங்கேயே பஞ்சாயத்து கூடியது. பரிகாரம் ஆகிறவரை ஏகாம்பரம் வீட்டுக்குக் கிணற்று முறை கிடையாது என்று பிரசிடெண்ட் சொல்லிவிட்டார். டி.வி.யில் நடந்த தப்புக்கு டி.வி.யிலேயே பரிகாரம், ஐந்து வீட்டுக்கும் பெண்ணைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவும் கொன்றவள் கையாலேயே. கல் உடைக்கச் சொல்லியிருந்தால் ஊரையே ஜெயித்துக் கொடுத்திருப்பேன். தவளையை நான் ஒரு தடவைகூட ஐந்து வீட்டிலும் சேர்த்ததில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நாற்றின் நுனி பழுப்படித்திருந்தது. அண்ணன் வரப்பில் குந்தி அதைத் தடவிக்கொடுத்தார். என்மேல் கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நாலு அறை விட்டிருக்கலாம்.

சாயங்காலம் டி.வி.க்குக் கற்பூரம் காட்டினார்கள். கன்னியப்பன் குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு பின்னால் போய்க் குமிழைப் பிடித்தார். நான் உட்கார்ந்தேன். அப்போது அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ரோட்ட பாக்காத. நான் சொல்றப்ப தாவு."

சின்ன வயசில் மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும். கல்லுக்குக் கல் தாவ வேண்டும். தண்ணீர் இழுக்கும். அப்போதும் இவர்தான் பின்னால் நின்று சொல்லுவார். இப்போதும் அதே குரல். "நில்லு. நில்லு. வுடு, அவன் பூட்டும். இப்ப போ! கட்ட வருது, ஏறு. ஆமய நம்பாத, முழுவிடும். ஆங், தாவு!"

ஜென்மத்தில் வீடியோ கேம் பார்க்காதவர். ஆனால் தண்ணீரும் வண்டியும் எப்போது இடைவெளி விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பங்காளி வீடு ஆயிற்று, இரண்டாயிற்று, நாலாயிற்று. ஐந்தாவது தவளை ஆற்று நடுவில் இருக்கும்போது, பாவம் கன்னியப்பன், அவரும் மனிதர்தானே, ஆசை தாங்காமல் குமிழை விட்டுவிட்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தார்.

படம் உருள ஆரம்பித்தது. ரோடு மேலே, ஆறு கீழே, பொந்து எங்கேயோ. "அய்யோ, புடிடா கொமிய!" என்று ஊரே கத்தியது.

"தாவு!" என்றார் அண்ணன்.

கண்ணை மூடிக்கொண்டு தாவினேன். கன்னியப்பன் ஓடிப்போய்க் குமிழைப் பிடித்ததும் படம் நின்றது. ஐந்து பொந்திலும் ஐந்து தவளை. பெண்கள் குலவையிட்டார்கள். பச்சையம்மா அண்ணனுக்குச் சந்தனம் கொடுத்தார். "ஏகாம்பரத்துக்குத் தண்ணி வுடுங்கடா" என்றார் பிரசிடெண்ட். நான் டி.வி. முன்னாலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவமானமாகக்கூட இல்லை.

பெட்டியைத் திரும்ப எடுத்து வர ஊர் விடவில்லை. அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

6

நாற்று பிழைத்தது. நாங்கள் திரும்பி வந்த பிறகு மழை வந்தது, அண்ணன் நடவு நட்டார். வந்த மழை நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை நேற்று டெலிபோனில், நான் மேலே எழுதாமல் விட்ட பேச்சில்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் தினமும் சாயங்காலம் பஞ்சாயத்து டி.வி.யில் பெண்ணை மறுவீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். ஒரு நாள் தவறாமல், ஐந்து வீட்டுக்கும். ஊர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. பெண் வந்துகொண்டே இருந்தால் மழையும் பெய்துகொண்டேதானே இருக்கும்? ஒரு தடவையாவது செத்தால்தான் நிற்கும் என்று முடிவாகிவிட்டது. அண்ணனும் கொல்ல உட்கார்ந்து பார்த்தாராம். லாரி வரும்போது கை தானாக ஒதுக்கிவிடுகிறதாம். அதற்குள் மழையில் கரண்டும் போய்விட்டது. உலகத்தில் தவளையைக் கொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஊரே சேர்ந்து என்னை நினைத்திருக்கிறது.

சுமதியை அழைத்துக்கொண்டு கீழே போனேன். துவைக்கத் துணிகூட எடுத்துப் போகவில்லை. டோரத்தி ஆச்சரியமாகப் பார்த்தார். காசைப் போட்டேன். தவளை வந்து நின்றது.

ஒன்றும் செய்ய வேண்டாம், ரோட்டில் இறக்கிவிட்டு நின்றால் போதும். இறக்கினேன். இடது பக்கமிருந்து லாரி வந்தது. நடவு, நடவு என்று சொல்லிக்கொண்டேன். அழுகப்போகிற பயிரை நினைத்துக்கொண்டேன். வரப்பில் குந்தியிருந்த அண்ணனை நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். அவரை நினைத்ததும் முதுகுக்குப் பின்னால், "இப்ப போ!" என்று கேட்டுவிட்டது. விரல் அழுத்திவிட்டது.

லாரி பின்னால் போனது. அடுத்தது கார். "நில்லு. நில்லு. இப்ப." திட்டுக்கு வந்துவிட்டேன். சரி, ஆற்றிலாவது தள்ளிவிடலாம் என்று பார்த்தால் கட்டை சரியாக வந்து நிற்கிறது. சனியனே, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் நீ? டோரத்தி என் பக்கத்தில் வந்து நின்று, போ பெண்ணே, போ என்று கத்துகிறார். சுமதி குதிக்கிறாள். பத்து வருஷமாக இந்தக் கடையில் நான் சாகடிக்காத தவளை இல்லை, கொல்ல வேண்டும் என்று வந்த அன்றைக்குத் தவளை ஒரு கீறல் படாமல் வீடு போய்ச் சேர்ந்தது.

மறுபடி காசு போடவில்லை. மேலே வந்தேன். டெலிபோன் அடித்தது.

"ஆச்சாம்மா?" என்றார் அண்ணன். பின்னால் மழைச் சத்தம்.

"ஆச்சிண்ணா."

"செத்துட்ச்சா?"

"செத்துட்ச்சி."

டெலிபோனில் கரகரவென்று ஏதோ இரைந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

"ரொம்ப கஸ்டப்பட்டுதா?"

"இல்லண்ணா. ஒரே அடி."

"பாவம். நல்ல பொண்ணு. ஒரு நாளு கூட பேஜார் குடுத்ததில்ல." மூக்கை உறிஞ்சினார். "இன்னா பண்றது, பயிரு முக்கியமாச்சே. செரி, நீ அதுக்கு அத்த மொறயாச்சே, தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ. மறந்துடாத."

வைத்துவிட்டார்.

போய்த் தலை முழுகினேன். வெந்நீர்க் குழாயைத் திறக்க மனம் வரவில்லை, பச்சைத் தண்ணீரில்தான் முழுகினேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தால், சுமதி கதவருகில் நின்றிருந்தாள். "அது சாகலையே அம்மா. வீட்டுக்குப் போயிடுச்சே. எதுக்குக் குளிக்கிறே?" இதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியாது. தமிழில் சொன்னாலும் அவளுக்கு இது புரியாது. போய் நாஷ்டா சாப்பிடு என்றேன்.

எதிர் ரோட்டை அப்புறமாவது தாண்டினேனா என்று கேட்பீர்கள். இல்லை. மளிகைக்கு அவர்தான் போகிறார்.

அண்ணனின் கண்ணாடி உடைந்து மாதக்கணக்காகிறது. இந்தப் பத்திரிகையை யாராவது படித்துக் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் மழை நிற்கிறவரை அவரிடம் மூச்சு விடாதீர்கள். வயலில் தண்ணீர் வடிந்து, பயிர் தலை நிமிர்ந்த பிறகு படித்துக் காட்டுங்கள். பெண் உயிரோடு இருக்கிறாள், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். நம்பாமல் கேட்டால், அத்தை கண்ணால் பார்த்தாள் என்று சொல்லுங்கள்.